தலையெழுத்தும் தலையோடும்

(ஒரு சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், நம் ஒவ்வொருவருடைய தோலுக்குள்ளும் இருக்கிற எலும்புக் கூட்டைப் பற்றியதாகும். பகுத்தறிவுக் கூட்டத்தில் எலும்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் மக்கள் தங்கள் கஷ்டத்திற்கெல்லாம் என்ன காரணம் சொல்லுகிறார்கள்? தலையில் எழுதியிருக்கிறது என்கிறார்கள். தலை என்றால் மண்டையோடு. மண்டையோடு என்றால் எலும்பு. ஆகவே அந்த எலும்பையே பார்த்து, அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்து கொள்ளுவதுதானே யோக்கியமான காரியம்?

சுடுகாட்டுப் பக்கம் போகிறவர்கள் மண்டையோட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் நெளிந்து நெளிந்து சில கோடுகள் ஓடும். இதுதான் பிரம்மா எழுதின எழுத்து என்று காட்டுகிறவர்கள் உண்டு. அது எந்த பாஷை என்று கேட்டால் பதில் கிடையாது. பிரம்மாவின் பெயரையே கேட்டிராத ஆப்பிரிக்காக்காரன் தலையிலும், வெள்ளைக்காரன் தலையிலும் அதே கோடுகள்தான் இருக்கின்றன. ஆட்டின் மண்டையிலும், நாயின் மண்டையிலும், குரங்கின் மண்டையிலும் அத்தகைய கோடுகள் இருக்கின்றன. ஆட்டுக்கும் நாய்க்கும் உட்கார்ந்து தலைவிதி எழுதுகிற வேலையும் அவருக்கு உண்டா?

உண்மை என்னவென்றால், மூளையைச் சுற்றியுள்ள பெட்டி ஒரே எலும்பல்ல. அது 8 எலும்புகள் சேர்ந்த பெட்டி. தச்சன் இரண்டு பலகைகளைப் பல்லோடு பல் கோத்து இணைப்பது போல், அவை ஒன்றோடொன்று கோத்துக் கொண்டிருக்கின்றன. அந்த இணைப்பின் கோடுதான் நீங்கள் பார்க்கிற எழுத்து!

ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்க வேண்டும்? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிரசவத்தின்போது குழந்தையின் தலை குறுகிய வழியில் வரவேண்டியிருக்கிறது. அப்போது இந்த எலும்புகள் சற்று நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி இடம் கொடுக்கின்றன. மற்றொன்று, பிறந்த குழந்தையின் மூளை வளர்ந்தவன் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். அது வளருவதற்கு ஓடும் விரிந்து கொடுக்க வேண்டும். குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். அது எலும்புகள் இன்னும் கூடாத இடம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிக் கொள்ளும். ஆகவே அந்தக் கோடு, தாயும் பிள்ளையும் பிழைப்பதற்காக ஏற்பட்ட அமைப்பே ஒழிய, யாருடைய தரித்திரத்திற்கும் எழுதிக் கொடுத்த சாசனம் அல்ல.

இவையெல்லாம் எப்படித் தெரிந்தன? பிணத்தைத் திறந்து பார்த்ததால் தெரிந்தன. கேலன் என்ற பழைய வைத்தியர் மிருகங்களை அறுத்துப் பார்த்து, மனிதனுக்குக் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதி வைத்தார். ஐரோப்பியர் சுமார் 1300 ஆண்டுகள் அதையே நம்பினார்கள். 1543-ல் வெசாலியஸ் என்பவர், மனித உடலையே அறுத்துப் பார்த்து, தாடை ஒரே எலும்பு என்று காட்டினார். ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாளைச் செய்ததால் ஆணுக்கு ஒரு விலா குறைவு என்ற பேச்சும் அவர் எண்ணிக் காட்டியதோடு பொய்யாயிற்று. இருபாலருக்கும் 12 ஜோடி விலா எலும்புகள்தான். நம் நாட்டில் பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று இருந்த காலத்தில், 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் துணிந்து கத்தியை எடுத்தார். பழைய ஏட்டை நம்பாமல் பொருளைப் பார்த்தவர்களால்தான் அறிவு வளர்ந்திருக்கிறது.

நிற்க. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். அவற்றில் இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் மட்டும் 106 இருக்கின்றன. அதாவது பாதிக்கு மேல் உழைக்கிற இடத்திலேயே இருக்கின்றன. மண்டையோடு மூளையையும், முதுகெலும்பு தண்டு நரம்பையும், விலா எலும்புகள் இருதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. தசைகள் பிடித்து இழுப்பதற்கு எலும்புகளே நெம்புகோல்கள். பிறந்த குழந்தைக்கு எலும்பின் எண்ணிக்கை 206-க்கு வெகு அதிகம். வளர வளரப் பல எலும்புகள் ஒன்றாகக் கூடி விடுகின்றன. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதை சொல்லுகிறவர்கள், இந்த 206-ல் ஜாதி எலும்பு எது என்று காட்டட்டும்!

எலும்பு உயிரற்ற கட்டை என்று நினைக்கிறோம். அது பெரிய தவறு. அதற்குள் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. உள்ளே இருக்கிற சிவப்பு மஜ்ஜைதான் ரத்தத்தின் சிவப்பு அணுக்களை விநாடிக்கு 20 லட்சத்திற்கு மேல் உண்டாக்குகிறது. எலும்பிலேயே சில அணுக்கள் பழையதைக் கரைக்கின்றன. சில புதியதைக் கட்டுகின்றன. இவ்வாறு வளர்ந்தவன் எலும்பில் வருஷத்திற்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது.

ஒரு கோழி எலும்பைக் காடியில் சில நாள் ஊற வைத்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து, எலும்பு வளையும். வேறொன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டுப் பாருங்கள். உள்ளிருந்த நார் எரிந்து போய், கையில் பட்டதும் நொறுங்கும். சுண்ணாம்பால் கடினமும், நாரால் உரமும் சேர்ந்ததே எலும்பு.

இப்படி உயிருள்ளதாக இருப்பதனால்தான் முறிந்த எலும்பு தானே கூடுகிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைந்து, பின் மெல்லிய குருத்து உண்டாகி, பிறகு கடின எலும்பாகிறது. சாதாரணமாகக் கை கூட ஆறெட்டு வாரமும், கால் கூட மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். மந்திரித்துக் கயிறு கட்டினவன், என் மந்திரத்தால் கூடிற்று என்று தட்சணை வாங்கிப் போகிறான். எலும்பு கூடுவது எலும்பின் குணம். நேராக வைத்து அசையாமல் கட்டுவது வைத்தியனின் வேலை. 1895-ல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-ரே, முறிவைக் கண்ணால் பார்த்து நேராக்க வழி செய்தது. தெரியாதவன் இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாமல் கையே அழுகிப் போகும். அப்படிக் கையை இழந்தவனிடம், அது உன் தலையெழுத்து என்று சொல்லுவது எவ்வளவு அக்கிரமம்!

இதைவிடக் கொடுமை ஒன்றைக் கேளுங்கள். எலும்பு வலுப்பதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதை உடல் ஏற்றுக் கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது பெரும்பாலும் சூரிய வெளிச்சம் தோலில் படுவதால் உண்டாகிறது. இது குறைந்தால் குழந்தைகளின் கால் வில்லாக வளைகிறது. பெரியவர்களுக்கு எலும்பு மெலிகிறது. காஷ்மீரத்தில் பணியாற்றிய காத்லீன் வாகன் என்ற பெண் டாக்டர், கோஷாவின் கெடுதியைப் பற்றி 1928-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வெளிச்சமில்லாமல் வீட்டிற்குள் அடைபட்ட பெண்களின் எலும்பு மெலிந்து, இடுப்பெலும்பு கோணிப் பிரசவ வழி குறுகிப் போவதை அவர் அதில் எடுத்துக் காட்டினார். அந்தத் தாயும் பிள்ளையும் செத்தால் விதி என்றார்கள். விதியா கொன்றது? கதவைப் பூட்டினவன் அல்லவா கொன்றான்?

ஆகவே தோழர்களே! பிள்ளைகளை வெயிலில் ஓடி விளையாட விடுங்கள். பெண் பிள்ளைகளையும் விடுங்கள். கேழ்வரகும், கீரையும், பாலும், முள்ளோடு தின்னும் சிறு மீனும் கிடைத்த மட்டும் கொடுங்கள். குழந்தையின் கால் வளைந்தாலும், விழுந்து எலும்பு முறிந்தாலும், மந்திரவாதி வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏழைக்குப் பாலும் மீனும் ஏது என்று கேட்பீர்களானால், அது நியாயமான கேள்வி. ஆனால் அதைப் பிரம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. நாட்டை ஆளுகிறவர்களிடமும், நம் உழைப்பைத் தின்கிறவர்களிடமும் கேட்க வேண்டும். அப்படி நிமிர்ந்து நின்று கேட்பதற்குத்தான் முதுகெலும்பு இருக்கிறது என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.