தங்க வயல் கண்ட தமிழர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். நமக்கு முன்னரே அவ்வாறு புறப்பட்டுக் கோலார் தங்க வயலுக்குச் சென்ற தமிழ் மக்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, அவ்வட்டார மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். 1875ஆம் ஆண்டில் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். ஆயினும், 1880ஆம் ஆண்டில் இலண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பின்னரே சுரங்கம் செழித்தது. அதன் இயந்திரங்களுக்காகவே சிவசமுத்திரத்தில் காவிரி அருவியைக் கொண்டு மின்சாரம் எடுத்து, 1902ஆம் ஆண்டில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பினர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதன் பின்னர்தான்.

பாறையைக் குடைந்தவர் யாவர்? வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஏழை மக்களே. அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். ஊரில் நிலமும் மதிப்பும் கிட்டாதவர்க்குச் சுரங்கம் கூலியைக் காசாகக் கொடுத்தது. அதற்கு ஈடாக அது வாங்கிக்கொண்டதோ பெரிது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்தது. பாறை திடீரென வெடித்துப் பலர் மாண்டனர். கல்தூசு நெஞ்சில் படிந்து பலர் இருமி இளைத்தனர். குடியிருக்க வாய்த்ததோ மூங்கில் தட்டிக் குடிசை. எனினும் அவர்கள் வாய்மூடி இருந்தாரல்லர். கைரேகையுடன் பெயர் பதியவேண்டும் என்ற புதிய விதியை எதிர்த்து 1930ஆம் ஆண்டில் பல நாள் வேலைநிறுத்தம் செய்தனர்.

சுரங்கம் 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசிடமும், 1962ஆம் ஆண்டில் நடுவண் அரசிடமும் சேர்ந்தது. ஏறக்குறைய 800 டன் பொன்னை ஈந்த பின், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகள் எஞ்சின. பலர் நாள்தோறும் புகைவண்டி ஏறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். குடியிருக்கும் வீட்டுக்கு உரிமை கேட்டும் நிற்கின்றனர்.

அன்பர்களே! கம்பெனியின் கணக்கேடுகளில் பொன்னின் எடை உண்டு. இருளில் இறங்கியவரின் வாழ்வு அவற்றில் இல்லை. அது முதியோர் நினைவில் இருக்கின்றது. நம் குடும்பங்களில் சுரங்கம் கண்ட முதியோர் இருப்பின், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்போம். புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் புலம்பெயர்ந்தோரே காத்தல் வேண்டும்.