மொசைக் தரையும் நம் உடம்பும்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

தண்ணீர் லாரிக் கணக்கு வாசித்து முடித்ததும் பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். நான் பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன், டாக்டர் இல்லை. விஷயம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்ததால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். 16 வயது முடிந்தும் பெரியமனுஷி ஆகவில்லை, உயரமும் குறைவு. "சடங்கு எப்போ?" என்று ஆளாளுக்குக் கேட்டு, அந்தப் பிள்ளை கல்யாண வீடுகளுக்கே வராதபடி செய்துவிட்டோம். கேட்டவர்களில் நானும் ஒருவன். கடைசியில் மதுரையில் ரத்தம் எடுத்துக் குரோமோசோம் பார்த்தார்கள். சில செல்களில் 46, சில செல்களில் 45 என்று வந்தது.

மனுஷருக்கு 46 குரோமோசோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு ஒரு எக்ஸ் முழுசாகவோ பாதியோ இருக்காது. இது டர்னர். ஆண்களில் ஏறக்குறைய 600 பேரில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும். இது கிளைன்ஃபெல்டர். பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. பழியை மட்டும் அதுவரை மனைவி சுமந்திருப்பார்.

கரு உருவான பிறகு, செல் இரண்டிரண்டாகப் பிரியும்போது ஓரிடத்தில் பிசகினால், அந்தச் செல்லின் வழிவந்தவைக்கு ஒரு கணக்கு, மற்றவைக்கு வேறு கணக்கு. இதுதான் மொசைசிசம். நம் மாடிப்படியில் போட்டிருக்கும் மொசைக் தரை மாதிரி, இரண்டு நிறமும் கலந்தே கிடக்கும். ரத்தத்தில் ஒரு விகிதமும் தோலில் வேறு விகிதமும் இருக்கலாம். பெற்றோர் செய்த தப்பு எதுவும் இதில் கிடையாது.

ஒரு சோதனைச் சீட்டை வைத்து ஆளையே தீர்மானித்த கதைகள் விளையாட்டில் உண்டு. போலந்து வீராங்கனை ஏவா குளோபுகோவ்ஸ்கா 1964 டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். 1967இல் குரோமோசோம் சோதனையில் தேறவில்லை என்று விலக்கினார்கள். அவருக்கு இருந்தது மொசைசிசம் என்று சொல்லப்பட்டது.

நம் பக்கத்திலும் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி, செங்கல் சூளையில் வேலை செய்தவர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடையது மொசைசிசம் அல்ல, ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்காத நிலை என்று செய்தி வந்தது. உயிரை விடும் அளவுக்குப் போய் மீண்டு, பின்னாளில் பயிற்சியாளர் ஆனார். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்போமே தவிர, கணக்கையே மூடிவிட மாட்டோம். அந்த மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

பெண் பிள்ளைக்கு 13 வயதிலும் உடல் வளர்ச்சி தெரியாவிட்டால், 15 வயதிலும் மாதவிலக்கு வராவிட்டால், ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள். டர்னர் என்றால் இதயத்தையும் பார்க்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடக் கூடாது. எங்கள் பெண் மாத்திரை எடுக்கிறாள், காலேஜுக்குப் போகிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கும் வந்தாள். நான் படிப்பைப் பற்றி மட்டும் கேட்டேன்.

அடுத்து மோட்டார் பழுதுச் செலவு பற்றிப் பொருளாளர் பேசுவார்.