புயத்தில் ஒட்டிய பொட்டு

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கரக்பூர்க் காலனியில் வாழும் தமிழன்பர்களே!

பாட்டுக்கும் நாடகத்துக்கும் இடையே நீரிழிவைப் பற்றிப் பேசும்படி நம் செயலாளர் என்னைப் பணித்தார். பந்தியில் பாயசம் இருப்பதால் அதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும் என்பதும் அவர் இட்ட கட்டளை. நான் மருத்துவன் அல்லேன். இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடு பழகும் எழுத்தன். எனினும் பத்தாண்டுகளாக இந்நோயோடு குடும்பம் நடத்தி வருகிறேன். சென்ற குளிர்காலத்தில் என் இடப் புயத்தில் ஒட்டப்பெற்ற ஒரு சிறு கருவியோடு பழகிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதனைக் குளுகோஸ் சென்சார் என்கிறார்கள். என் மகளோ அதற்கு 'அப்பாவின் பொட்டு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

என் தந்தையாருக்கும் இந்நோய் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குவார்ட்டர்சின் பின்கட்டில் ஒரு ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும் இருக்கும். பெனடிக்ட் கரைசல் என்னும் நீல நீரில் 5 மில்லிலிட்டர் எடுத்து, அதில் எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் அன்று வீட்டில் சிரிப்பு. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் எவரும் வாய் திறக்க மாட்டோம். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வடியும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்திய செய்தி. சர்க்கரை தாழ்ந்து போனாலோ, அந்த நீல நீர் ஒரு சொல்லும் சொல்லாது. சில விடியற்காலைகளில் தந்தையார் உடல் நனைய வியர்த்து, நாக்குழறி எழுவார். அம்மா சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுப்பாள். அதற்குப் பெயர் என்ன என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

பின்னர் விரலைக் குத்திப் பார்க்கும் கருவி வந்தது. அது செய்தது பெரும் உபகாரமே. ஆயினும் அது ஒரு கணத்தின் செய்தி மட்டுமே. ஒரு நிலையத்தில் நின்றுகொண்டு வண்டி கடந்த நேரத்தைக் குறிப்பதைப் போன்றது அது. முந்திய நிலையத்திலிருந்து அவ்வண்டி எப்படி வந்தது, வழியில் எங்கே நின்றது என்பனவற்றை அந்தக் குறிப்பு சொல்லாது. கண்ட்ரோல் அலுவலகத்தில் வண்டிகளின் ஓட்டத்தைக் கோடாக இழுத்துக் காட்டும் வரைபடத்தை இங்குள்ளோர் பலர் அறிவீர்கள். இந்தப் புதிய கருவி அத்தகைய கோட்டினை நமக்கு வரைந்து தருகிறது. இதன் வித்து 1962-ஆம் ஆண்டிலேயே இடப்பட்டது. லீலண்ட் கிளார்க், லயன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், நொதியின் துணையால் சர்க்கரையை அளக்கும் மின்முனையைப் பற்றி அவ்வாண்டில் எழுதினர். தொடர்ந்து அளக்கும் கருவிக்கு அமெரிக்காவில் முதன்முதல் அனுமதி கிடைத்ததோ 1999-இல்தான். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023-இல் கூறியது. ஆகவே இஃது என் வீட்டுக் கதை மட்டும் அன்று.

கருவி பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். வில்லின் விசையால் ஒரு ஊசி தோலுக்குள் சென்று உடனே திரும்பிவிடுகிறது. மயிரிழை போன்ற ஓர் இழை மட்டும் உள்ளே தங்குகிறது. எறும்பு கடித்த அளவு வலியும் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தால் கைபேசியில் எண்கள் வரத் தொடங்குகின்றன. பதினான்கு நாள் உழைக்கும். முதல் நாள் எண்களை முழுதும் நம்பலாகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

ஒட்டிய நாள் முதல் எங்கள் வீட்டில் அமைதி குலைந்தது! கைபேசியின் எண்ணைத் தன் கைபேசியிலும் காணும் வழியை மகள் செய்துகொண்டாள். நான் அலுவலகத்தில் ஏட்டைப் புரட்டிக் கொண்டிருப்பேன். தொலைபேசி மணி அடிக்கும். "அப்பா, 211! என்ன சாப்பிட்டீர்கள்?" என்பாள். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார். நான் சாப்பிட்டது முரிதான். நம் ஊர்ப் பொரியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் கலந்து வங்காளத்தார் மாலைதோறும் உண்பார்களே, அதுதான். அது வெறும் காற்று, வயிற்றுக்கு லேசு என்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன். காகிதப் பொட்டலம் காலியாகி முக்கால் மணிக்குள் கோடு செங்குத்தாய் ஏறியது. அதே நாள் நண்பகலில் பருப்பும் மீனும் காயும் நிறைய வைத்து அளவாய் உண்ட சோற்றுக்கு அது அவ்வளவு ஏறவில்லை. குளிர்காலத்து ஈச்ச வெல்லம் சர்க்கரையைப் போல் கெடுதி செய்யாது என்று இங்கே பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். என் கோட்டுக்கு அந்த வேற்றுமை தெரியவில்லை.

எண்ணைக் கண்டவர் எல்லாரும் நீதிபதியாகிவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்குப் பின் நான் கருவியையே கழற்றிவிட எண்ணினேன். என் மனைவிதான் வழக்கைத் தீர்த்து வைத்தாள். சர்க்கரை ஏறிய செய்தியை ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து காகிதத்தில் பார்ப்பது. மற்ற நாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. தாழ்ந்த செய்திக்கு மட்டும் மணி அடிக்கலாம். அன்று முதல் மகளும் நானும் மறுபடி நண்பர்களானோம்.

இனி, அந்த மணியின் கதைக்கு வருகிறேன். இன்று பேசத் துணிந்ததே இதற்காகத்தான்.

நான் இரவில் இன்சுலின் போட்டுக்கொள்பவன். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு மணி அலறிற்று. எண் 62. உடல் ஒன்றும் செய்யவில்லை. விரலைக் குத்திப் பார்த்தால் 108! காரணம் மறுநாள் தெரிந்தது. இக்கருவி இரத்தத்தை அளப்பதில்லை. தோலடியில் திசுக்களைச் சூழ்ந்துள்ள நீரை அளக்கிறது. நான் இடப்பக்கம் ஒருக்களித்துக் கருவியின்மேலேயே படுத்திருந்தேன். அழுத்தத்தால் அவ்விடத்தில் நீரோட்டம் குறைய, எண்ணும் பொய்யாய்த் தாழ்ந்தது. புரண்டு படுத்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடும். ஒரு வாரத்தில் இவ்வாறு மூன்று பொய் மணிகள் அடித்தன. 'புலி வருது' கதைதான்!

பதினோராம் நாள் இரவு மூன்று மணிக்கு மீண்டும் மணி. நான் அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மனைவி விளக்கைப் போட்டாள். "எழுந்து விரலைக் காட்டுங்கள்" என்றாள். "படுத்த கோளாறு, தூங்கு" என்று எரிந்து விழுந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு வழக்கமில்லை. அவள் என் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள், நனைந்திருந்தது. மேலும் ஒன்று கவனித்தாள்: நான் அன்று வலப்பக்கம் படுத்திருந்தேன். கருவியின்மேல் எந்தப் பாரமும் இல்லை. என் கையைப் பிடித்து அவளே குத்தினாள். 54.

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடிக்க வைத்தாள். ஏறக்குறைய 15 கிராம்; கால் மணி கழித்து மீண்டும் விரலைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன முறை. கால் மணி கழித்து விரல் 86 என்றது. கைபேசியோ இன்னும் 59 என்று காட்டிற்று. இஞ்சின் நிலையத்தை அடைந்த பின்பும் கடைசிப் பெட்டி வெளிச் சிக்னலில் நிற்பதைப் போல, திசுநீர் இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே வரும். இதை அறிந்தும், அச்சத்தால் எண்ணையே பார்த்துக்கொண்டு இன்னும் நான்கு கரண்டியும் இரண்டு பிஸ்கட்டுமாக உள்ளே தள்ளினேன். விடிந்தபோது 238. இந்தத் தவறு என்னுடையது மட்டுமே, மனைவி தடுத்தாள்.

அந்த வரைபடத்தை டாக்டரிடம் காட்டினேன். பொய் மணிகள் மூன்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தபோதும், பதினான்கில் வேறு இரண்டு இரவுகளில் கோடு 70-க்குக் கீழே இறங்கி, எவரும் அறியாமல் தானே மேலேறியிருந்தது. அந்நேரங்களில் என் உடல் புரளவுமில்லை, நான் விழிக்கவுமில்லை. காலை எண் சற்று மிகுதியாய் இருந்ததால் நானே இரவுச் சோற்றைக் குறைத்து வந்தேன். இன்சுலின் அளவோ பழைய அளவு. டாக்டர் அளவைக் குறைத்தார். இத்தனை ஆண்டும் கெட்ட கனவு என்றும், புழுக்கம் என்றும் நான் சொல்லி வந்த வியர்வை, அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாளே, அதே வியர்வைதான்.

இங்கே இன்சுலின் போடுவோரும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை உண்போரும், அவர்தம் இல்லத்தாரும் இருக்கிறீர்கள். இரவில் வியர்த்து, காரணமின்றிச் சினந்து பேசினால் கனவு என்று விட்டுவிடாதீர்கள். விளக்கைப் போட்டு விரலைக் குத்திப் பாருங்கள். உணர்வு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் கையில் இருக்கட்டும்.

இந்தச் சென்சார் எல்லார்க்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வாங்கியபோது ஒன்றுக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய் ஆயிற்று. மாதத்துக்கு இரண்டு எழுத்தன் சம்பளத்தில் இயலாது. டாக்டரின் யோசனைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதினான்கு நாள் ஒட்டிக்கொள்கிறேன். இடையில் விரற்கருவி போதும். இரண்டாவது சென்சாரை, தலைவழியாகக் கம்பளிச் சட்டையைக் கழற்றிய வேகத்தில் நான்காம் நாளே பிய்த்தெறிந்தேன். அந்த நட்டத்தை வீட்டில் இன்னும் மறக்கவில்லை. இப்போது முன்புறம் பொத்தான் வைத்த ஸ்வெட்டரே அணிகிறேன்.

வரைபடத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புவோர் ஞாயிறு காலையில் எங்கள் குவார்ட்டர்சுக்கு வாருங்கள். பாயசத்தைப் பொறுத்தவரை, செயலாளரிடம் அரைக் கிண்ணம் கேட்டிருக்கிறேன். மகளின் அனுமதி இன்னும் வரவில்லை.