பீலித் தண்ணீருக்கு யாரிடம் கேட்பது?

(உலக சுற்றாடல் தினத்தை முன்னிட்டு தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



வாசலில் "சுற்றாடலைப் பாதுகாப்போம்" என்று எழுதிக் கட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே வந்த ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். "டீச்சரம்மா, காடு, பறவை, மிருகம் எல்லாம் கொழும்புல படிச்சவங்க பேசுற பேச்சு. காலையில பெரட்டுக்குப் போயி அந்திக்கு லயத்துக்கு வர்ற நமக்கு அதுல என்னா வேல?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எழுதிக் கொண்டுவந்த பேச்சை மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வதையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததும் ஒரு தோட்டத்து லயத்தில்தான். எங்கள் லயத்துக்கு மேலே ஒரு சின்னச் சோலை இருந்தது. இரண்டு ஏக்கர்கூட வராது. எங்கள் பீலிக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வந்தது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அந்தச் சோலையை விறகுக்காக வெட்டினார்கள். முதல் வருஷம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த வருஷம் மாசி மாதத்தில் பீலித் தண்ணீர் நூல் மாதிரி ஆகிவிட்டது. மழைக்காலம் வந்ததும் அதே பீலியில் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குடத்தோடு அடுத்த டிவிஷனுக்கு நடந்தார். தண்ணீரை இறக்கி வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவார்.

நான் பெரியவளான பிறகு ஒரு நாள் அம்மாவிடம், "அன்றைக்கு ஏன் யாருமே கேட்கவில்லை?" என்று கேட்டேன். அம்மா சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது. "யாருகிட்ட கேக்குறது? என்னான்னு கேக்குறது?"

இந்த இரண்டு கேள்விக்கும் இன்று நம்மிடம் பதில் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மலை எப்படித் தண்ணீர் தருகிறது

சோலைக்குள் கால் வைத்தால் தரை மெத்தை போல இருக்கும். பல காலம் விழுந்து மக்கிய இலை அது. பெய்கிற மழையை அந்த மெத்தை குடித்து, மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறக்கும். மழை விட்டு இரண்டு மாதம் ஆன பிறகும் ஊற்றில் தண்ணீர் கசிவது அதனால்தான். மரத்தை எடுத்துவிட்டால் மழை நிற்க இடமில்லாமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மழையில் சேறு, வெயிலில் வறட்சி என்று இரண்டும் ஒரே தவறிலிருந்து வருகின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. நம்ம பாட்டன் பூட்டன்மார் கையாலேயே இந்த மலைகளின் காட்டை வெட்ட வைத்தார்கள். முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட பிறகு, தேயிலைக்காகவும் வெட்டினார்கள். காடு வேகமாக அழிவதைக் கண்ட வெள்ளைக்காரர்களுக்கே பயம் வந்தது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் கொடுத்த ஆலோசனையின்படி, 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டக்கூடாது என்று 1873 இல் அரசாங்கம் தடை போட்டது. உச்சிக் காடு போனால் ஆறுகள் போய்விடும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

335 கிலோமீற்றர் ஓடும் மகாவலியும், கொழும்புக்காரர்கள் குடிக்கும் களனி கங்கையும், வளவை கங்கையும் நம்ம பக்கத்து மலைகளில்தான் பிறக்கின்றன. நாட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நாம் குடியிருக்கிறோம். "நமக்கு என்னா வேல" என்று கேட்ட பெரியவருக்கு இது என் முதல் பதில்.

மீரியபெத்தை

இரண்டாவது பதிலைச் சொல்வதற்கு மனசு கனக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளும் உண்டு.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. "அப்படியென்றால் ஜனங்கள் ஏன் போகவில்லை?" என்று வெளியில் இருப்பவர்கள் சுலபமாகக் கேட்டார்கள். எங்கே போவது? லயத்தை விட்டால் நமக்கு வேறு காணி இருக்கிறதா, வீடு இருக்கிறதா? எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மாற்று வீடு நேரத்துக்குக் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோதும் மலையகத்தில் மண் சரிந்து உயிர்கள் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே தாய்மார்களே, இயற்கையைக் காப்பது என்பது காட்டில் உள்ள புலிக்கும் மயிலுக்கும் மட்டுமான விஷயம் அல்ல. லயத்தில் படுத்திருக்கும் நம்ம பிள்ளையின் உயிரும் அதில் இருக்கிறது.

சேர்ந்து கேட்டவர்கள்

"கேட்டா மட்டும் கெடைச்சிடுமா?" என்று பின்னால் ஒரு தங்கச்சி கேட்பது காதில் விழுகிறது. இந்த நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

1970 களின் தொடக்கத்தில் சிங்கராஜக் காட்டை இயந்திரம் போட்டு வெட்டத் தொடங்கினார்கள். கொஸ்கமவில் உள்ள ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டும் என்று அரசாங்கமே எடுத்த முடிவு அது. 1894 இலிருந்து இயங்கிவரும் வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், விஞ்ஞானிகளும், சாதாரண மக்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1977 இல் வெட்டுவது நின்றது. 1988 இல் சிங்கராஜ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

அடுத்தது எப்பாவல. அனுராதபுரப் பக்கத்தில் பொஸ்பேற் கனியத்தைத் தோண்ட ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு பெரிய ஒப்பந்தம் வரவிருந்தது. ஊரும் வயலும் குளமும் போய்விடும் என்ற நிலை. அந்த ஊர் விவசாயிகளும் விகாரையின் பிக்கு ஒருவருமாக ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஆம் ஆண்டு தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. முறையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் அமைச்சர்களோ பணக்காரர்களோ அல்ல. நம்மைப் போல மண்ணில் பாடுபடுகிறவர்கள்தான்.

எல்லா இடத்திலும் முழு வெற்றி கிடைக்காது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது சுற்றாடல் அமைப்புகளும் மலையகத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. ஆனாலும் அணை கட்டப்பட்டது. 2012 இல் மின்சாரம் வந்தது. ஆனால் எதிர்ப்பு வீண் போகவில்லை. சென் கிளயார் நீர்வீழ்ச்சிக்குப் பகல் வேளையில் தண்ணீர் விட வேண்டும் என்பது ஒரு நிபந்தனையாக வந்தது. யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது

அம்மா காலத்தில் கேட்க முடியாமல் போனதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். பிரஜையாக இல்லாதவர் எந்தக் கந்தோர் வாசலில் நின்று கேட்பார்? அந்தக் கணக்கு முடிய 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. இன்றைக்கு நாம் பிரஜைகள். தேர்தலுக்கு ஒரு முறை புள்ளடி போடுவதோடு அந்த உரிமை முடிந்துவிடுவதில்லை.

இயற்கையைப் பாதுகாப்பது இலங்கையில் உள்ள ஒவ்வொருவரின் கடமை என்று அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய வழிகளும் இருக்கின்றன.

ஒன்று, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நாம் எழுத வேண்டிய கேள்வி இதுதான்: "எங்கள் லயங்கள் இருக்கும் இடம் மண்சரிவு வரைபடத்தில் எந்த ஆபத்து வலயத்தில் உள்ளது? இங்கே ஆய்வு நடந்ததா? என்ன சிபாரிசு செய்தீர்கள்?" அதே சிபாரிசு பற்றிப் பிரதேச செயலகத்திடமும், "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்கலாம். பதில் எழுத்தில் வந்துவிட்டால், அதை யாராலும் லாச்சிக்குள் பூட்டி வைக்க முடியாது.

இரண்டு, பெரிய திட்டங்கள் வரும்போது சுற்றாடல் பாதிப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் தர வேண்டும் என்று தேசிய சுற்றாடல் சட்டம் கூறுகிறது. ஓடையில் கழிவு கலந்தால், ஊற்றுக்கு மேலே மரம் வெட்டினால், பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் முறைப்பாடு எழுதலாம்.

மூன்று, சுற்றாடல் அமைப்புகள். சட்டத்தரணிகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. அவர்களிடம் சட்ட அறிவு உண்டு. ஆனால் தினமும் இந்த மலையில் நிற்பது அவர்கள் அல்ல. எந்த ஊற்று வற்றியது, எந்தச் சரிவில் வெடிப்பு விழுந்தது என்பதை முதலில் காண்பது கொழுந்து எடுக்கும் நம்ம பெண்கள்தான். நாம் காசு கொடுக்க முடியாவிட்டாலும் கண்ணைக் கொடுக்கலாம். திகதி, இடம், ஒரு படம், பத்துப் பேரின் கையெழுத்து, இவ்வளவு இருந்தாலே அவர்கள் வேலைக்குப் பெரிய பலம். அதே நேரம் அவர்களிடம் ஒன்றைச் சொல்லவும் தயங்க வேண்டாம்: மரத்தைப் பற்றிப் பேசும்போது மரத்தடியில் வாழும் மனுசரையும் சேர்த்துப் பேசுங்கள் என்று.

நம்ம கையில் இருப்பது

மற்றவர்களைக் கேட்கும்போது நம்ம கையும் சுத்தமாக இருக்க வேண்டும். கான்களைப் போய்ப் பாருங்கள். பொலித்தீன், பிளாஸ்டிக் போத்தல், பழைய செருப்பு! அந்தக் காலத்தில் கான் வெட்டு என்று தனியாக ஆள் விட்டார்கள். கான் அடைத்தால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சரிவுக்குள் இறங்கும். மண் கனத்து வழுக்கும். அடைத்த கான் மண்சரிவுக்குப் போடும் பாதை. மருந்து அடித்த கேனை ஓடையில் கழுவுவதையும், பங்குனியில் புல்லுக்காட்டுக்கு நெருப்பு வைப்பதையும் நிறுத்த வேண்டும்.

இன்னுமொன்று. வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு டின்னை வெட்டவெளியில் வையுங்கள். பிள்ளைகள் தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 கடந்தால் சாமானைக் கட்டித் தயாராக வேண்டும். 150 கடந்தால் வெளியேற வேண்டும். அளவு வரும்வரை காத்திருக்கவும் கூடாது. தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே விலகி, 117 க்கு அறிவியுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

தலைவர் கையைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டது. பேச்சைக் கேட்டுவிட்டுக் கைதட்டிப் போய்விடாதீர்கள். தகவல் கேட்கும் கடிதத்தை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

என் அம்மா இன்று இல்லை. இருந்திருந்தால் அவர் கையெழுத்துத்தான் முதலில் விழுந்திருக்கும். யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது என்று தெரியாமல் அவர் நாலு மணிக்குக் குடம் தூக்கினார். நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கேட்காமல் இருந்தால் நம்ம பிள்ளைகள் நம்மைக் கேட்பார்கள்.