தூணும் கடையும்: புதுமண்டபத்தை முன்வைத்து ஒரு வழக்கு

யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் மதுரை நகருக்குள் கடை வைத்துப் பிழைத்தவர். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசுபவர் இன்ன பொருளில்தான் பேச வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. அவருக்கு என் நன்றி. அவர் தந்த உரிமையை இன்று முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கு

எதைப் பேசப் போகிறேன் என்பது முன்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். கருத்தரங்குகளில் எங்களுக்குள் பாதியில் நின்றுபோன வழக்குதான் இது.

அவர்கள் தரப்பு இது. புதுமண்டபம் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய வசந்த மண்டபம். 333 அடி நீளம், 124 தூண்கள், நாயக்க மன்னர்களின் சிலைகள். 1858இல் லின்னேயஸ் டிரைப் படம் எடுத்த கட்டடம். பெர்குசன் தம் கட்டடக்கலை நூலில் விரிவாக எழுதிய கட்டடம். இடையில் வந்து உட்கார்ந்த கடைகள் ஆக்கிரமிப்பு. அவை குன்னத்தூர் சத்திரம் என்னும் மாடிக் கட்டடத்துக்குப் போனதும் மண்டபம் தன் வரலாற்றுக்குத் திரும்பிவிட்டது. கடைகளை நினைப்பது வெறும் ஏக்கம், அது ஆய்வாகாது.

என் தரப்பு வேறு. கடைகள் அந்த மண்டபத்தின் இரண்டாவது வரலாறு. முதல் வரலாற்றை எழுதிய கவனத்தோடு இதையும் எழுதியாக வேண்டும்.

கடைகளை அகற்றியது தவறு என்று நான் வாதாடவில்லை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததை இந்த ஊர் மறக்காது. கல்மண்டபத்துக்குள் துணியும் மின்கம்பியும் நெருங்கிக் கிடப்பதன் ஆபத்து அன்று எல்லாருக்கும் புரிந்தது. தூணில் ஆணி அடித்ததையும் யாரும் நியாயப்படுத்த முடியாது. என் வழக்கு, போன கடைகளை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்பது பற்றியது.

மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடியிருக்கிறார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மணி, பொன், அறுவை, கூலம் விற்கும் வீதிகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். இவற்றைச் சான்று காட்டித்தான் மதுரையைத் தூங்காநகரம் என்கிறோம். பழங்காலத்துக் கடைக்காரன் சான்று, நேற்றைய கடைக்காரன் குப்பை என்றால் நம் அளவுகோல் எங்கோ கோணியிருக்கிறது.

சல்லடம் தைத்தவர்கள்

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். சல்லடம்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேடம் பூண்டு வருவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அரைக்குச் சல்லடம், இடுப்பில் கச்சை, தலையில் உருமா. திரி எடுத்து ஆடுபவர்கள், சாட்டையடித்து ஆடுபவர்கள், தோல்பையில் நீர் சுமந்து பீய்ச்சுபவர்கள் என்று அவர்களுக்குள் வகை உண்டு. பேராசிரியர் தொ. பரமசிவன் இவர்களை ஆராய்ந்து எழுதிய 'அழகர் கோயில்' இங்கே பக்கத்தில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உருவான ஆய்வு. 1989இல் நூலாக வெளியிட்டதும் அதே பல்கலைக்கழகம்தான். அதன் பிறகு உடுத்தியவரைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். தைத்தவரைப் பற்றியும் அதே அளவுக்குப் பேசியிருக்க வேண்டும்.

தைத்தவர்கள் புதுமண்டபத்தில் இருந்தார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே மெஷின் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் முஸ்லிம்கள். அழகருக்கு நேர்ந்தவனின் உடை முஸ்லிம் தையல்காரரின் கையில் உருவானது. எவரும் அதை ஒரு செய்தியாகச் சொல்லிக்கொண்டதில்லை. வண்டியூரில் அழகருக்காகத் துலுக்க நாச்சியார் காத்திருக்கிறாள் என்று கதை சொல்லும் ஊர் இது. ஊர்க்கதை சொன்ன உறவைத் தையல் வரிசை நாள்தோறும் நடத்திக்காட்டியது. மத நல்லிணக்கம் பற்றி மேடைகளில் பேசும் நாம் இந்தத் தொழில் உறவை ஆவணமாக்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சல்லடம் எளிய உடை போலத் தெரியும். முழங்கால்வரை தொங்கும், நாடா வைத்துக் கட்டுவது. ஆனால் அதன் தையலில் ஒரு கணக்கு இருக்கிறது. திரி எடுப்பவன் தீயோடு ஆடுகிறான். அவனுக்குத் துணி காலைத் தடுக்கக் கூடாது. நீர் பீய்ச்சுபவன் நாள் முழுக்க நனைகிறான். சாயம் இறங்கினால் அவன் உடம்பெல்லாம் சிவப்பு. கிராமத்துச் சாமியாடிக்கு வேண்டிய சல்லடம் வேறு. கருப்பசாமிக்குக் குல்லாயும் சேர்ந்து வேண்டும். வந்து நிற்பவரின் நேர்த்திக்கடன் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் துணியில் கத்திரி வைக்க வேண்டும்.

சல்லடம் சித்திரைக்கு. மற்ற மாதங்களுக்கு? தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, ஆடியில் அம்மன் கோயில்கள், கார்த்திகையில் ஐயப்பன் மாலை போடுபவர்கள். இவற்றுக்கு நடுவே கோயில் தேர்களுக்குத் தொம்பை, சாமிகளுக்குப் பட்டுப் பாவாடை, பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாட்டிய உடை. கோயிலுக்கு வந்த பெண்கள் ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போவார்கள்; திரும்பி வரும்போது தைத்து வைத்திருப்பார்கள். வெளிநாட்டுப் பயணி தன் சட்டையைக் காட்டி அதே மாதிரி ஒன்று வாங்கிப் போவார். அங்கே ஒரு தையல்காரரின் ஆண்டுக் கணக்கை எழுதி வாங்கினால், வைகைக்கரை நாட்டின் திருவிழா நாட்காட்டி கைக்கு வந்துவிடும். கல்வெட்டு எந்தெந்த விழாவுக்குக் கொடை வந்தது என்று சொல்லும். எந்த விழாவுக்குக் கூட்டம் பெருகியது, எந்த விழா ஓய்ந்தது என்பதை ஆர்டர் நோட்டு சொல்லும்.

இன்னொன்று, அக்கம்பக்கம். தைப்பவருக்குப் பக்கத்திலேயே சரிகை, ஜிகினா, மணி. சற்றுத் தள்ளிப் பித்தளைப் பாத்திரம், பூசைச் சாமான். அதற்கும் அப்பால் வளையல், பொம்மை, புத்தகம். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பெரியார் நிலையத்தில் இறங்கி நடந்துபோகும் குடும்பம் ஒரு நேர்த்திக்கடனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்த ஒரு கூரையின் கீழ் முடித்துக்கொண்டது. கடைகளை மாடிக் கட்டடத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு கடைக்கும் இடம் கிடைக்கும். அந்த அக்கம்பக்கம் அப்படியே கிடைக்காது. தொழில் வாழ்ந்தது அந்த அக்கம்பக்கத்தால். எந்தத் தூணுக்கு அருகில் யார், அவருக்கு அடுத்து யார் என்ற வரைபடம் சிற்ப அட்டவணைக்குச் சற்றும் குறைந்த ஆவணம் அல்ல. என் நண்பர்கள் மறுப்பதும் இதைத்தான். அவர்கள் மறுப்பு தவறு.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். மதுரை மதனகோபாலசாமி கோயில் மண்டபத் தூண்களை 1912இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி வாங்கிப் போனார். அவை இன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. நார்மன் பிரவுன் அவற்றைப் பற்றி 1940இல் ஒரு நூலே எழுதினார். கடல் கடந்துபோன கல்லுக்கு ஒரு நூல் கிடைத்தது. கூப்பிடு தூரத்துக்கு இடம் மாறிய தொழிலுக்கு ஒரு நூல் எழுத நம்மால் முடியாதா?

புத்தகக் கடைகள்

தையல்காரர்கள் இருந்த புதுமண்டபத்தில்தான் அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் பெரிய எழுத்தில் விற்றன. 1937இல் மதுரைத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்ட இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் புதுமண்டபத்துப் புத்தக வியாபாரி. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கத்துக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் தனி இயல் ஒதுக்குகிறோம், ஒதுக்கத்தான் வேண்டும். அகராதி போட்ட கடைக்காரருக்கும் அதில் சில பக்கங்கள் வேண்டும்.

பிற தெருக்கள்

நேரம் குறைவு; மண்டபத்துக்கு வெளியே உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுகடல் தெரு தன் பெயருக்குக் காரணமான குளத்தை இழந்து கடைகளாயிற்று. கோயிலை ஒட்டியிருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய், அந்த இடம் வாகன நிறுத்தமாகிவிட்டது. தங்கம், சிந்தாமணி தியேட்டர்கள் இருந்த இடங்களில் ஜவுளிக்கடைகள் வந்தன. தியேட்டர்களை நம்பியிருந்த சிறு கடைகளின் கதை தனியே எழுதப்பட வேண்டியது. மேலமாசி வீதியில் 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறிய வீடு இன்று கதர்க் கடையாகவும் நினைவிடமாகவும் இருக்கிறது. நினைவும் வியாபாரமும் ஒரே கூரையில் இருக்க முடியும் என்பதற்கு இது போதும்.

செய்ய வேண்டியவை

மீனாட்சியம்மன் கோயில் தேவஸ்தானத்தின் வாடகைப் பதிவேடுகளை ஆண்டு வாரியாகப் பார்க்க வேண்டும். பழைய நூல்களின் முகப்புப் பக்கங்களிலும் பின்னட்டை விளம்பரங்களிலும் உள்ள கடை முகவரிகளைத் தொகுக்கலாம். பில் புத்தகம், ஆர்டர் நோட்டு, கடைக் காலண்டர், துணிப்பை எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. தைப்பவர்களின் தொழிற்சொற்களை அகராதியாக்குவது முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்குப் போதுமான வேலை. அளவு, வெட்டு, கூலிமுறை ஆகியவற்றைக் காணொளியாகவும் எடுக்கலாம். பெண்களின் பங்கு தனி ஆய்வு. கடை முதலாளியோடு நிறுத்தாமல் காஜா எடுத்த பையன்களிடமும் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிருந்து நகரத்துக்குப் பேருந்தில் சிறிது நேரப் பயணம்தான். மண்டபத்திலிருந்து போனவர்கள் குன்னத்தூர் சத்திரத்தில் கடை வைத்திருக்கிறார்கள், மூத்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. சித்திரை வேலை தொடங்கிவிட்டால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. பங்குனிக்கு முன்பே போய் உட்காருங்கள். அனுமதி கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, ஒரு படியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.