போரின் நடுவே ஒரு மாத்திரை

நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்தைத் துப்பாக்கி வெடிக்கும் ஊரில் வாழ்பவருக்குக் கொடுக்கத் தொடங்கலாமா? மாணவ நேயர்களே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் பலரை வாட்டிய கேள்வி இது. இதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி, உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒரு வகையை அழிப்பது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து அதனை அடக்கும் முறை 1996 முதல் பரவியது. அடக்கலாமேயன்றி அடியோடு ஒழித்தல் அரிது. ஆதலின் ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். விட்டுவிட்டு உண்டாலோ, மருந்துக்கு அடங்காத வகை தோன்றவும் கூடும். ஆகவே, போர் நிகழுமிடத்தில் இச்சிகிச்சையைத் தொடங்காதிருப்பதே நலம் என்று பலர் கருதினர்.

அக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் விளைவு யாது? போர் சூழ்ந்த நாட்டில் பிறந்த ஒரே காரணத்தால் நோயாளி சாவுக்கு விடப்படுகிறார்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, கிவு ஏரிக்கரையில் உள்ளது புக்காவு நகரம். அங்கே 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் 2003இல் இச்சிகிச்சையைத் தொடங்கினர். 2004 ஜூன் தொடக்கத்தில் கிளர்ச்சிப் படையினர் நகரைக் கைப்பற்றினர். எனினும் சிகிச்சைப் பணி மடிந்துவிடவில்லை. அமைதி நிலவும் ஏழை நாடுகளில் கிட்டிய பலனுக்கு ஒப்பான பலன் அங்கும் கிட்டியதாக 2007இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இத்தகைய இடங்களில் கையாளும் முறை எளியது. கலவரம் மூளுமுன்னரே சில வாரங்களுக்கான மாத்திரைகளை நோயாளியிடம் கூடுதலாகக் கொடுத்து வைக்கிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று எழுதிய சீட்டும் உடன் இருக்கும். வேற்றூருக்கு ஓட நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடரலாம். மருந்து தீர்ந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கற்பிக்கிறார்கள். மருத்துவமனையின் கதவு மூடப்பட்டாலும், நோயாளியின் பைக்குள் மருத்துவம் நடந்துகொண்டிருக்கும்.

இம்முறையில் நான் பெரிதும் மதிப்பது, நோயாளியிடம் வைக்கும் நம்பிக்கையையே. எழுத்தறியாதவரும், உடைமை இழந்தவரும், உயிர் காக்கும் பொறுப்பைத் தாமே ஏற்க வல்லவர் என்று அது கொள்கிறது.

2025 பிப்ரவரியில் புக்காவு மீண்டும் கிளர்ச்சிப் படையினர் வசமாயிற்று. போர் ஓயட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால், அந்நகரத்து நோயாளிக்கு அந்த நாள் எப்போது வரும்? நாளை மருத்துவராகவோ ஆட்சியாளராகவோ விளங்கவிருக்கும் நீங்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.