யாருடைய 24 மணி நேரம்?



இந்த வாசகர் வட்டத்தில் நூல் அறிமுகம் பேசத்தான் கூப்பிட்டீர்கள். மன்னியுங்கள், அந்த நூல் அடுத்த மாதம். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைக் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நம்ம ஊர் ஜவுளிக்கடை ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு நடத்தினார்கள். எப்போது? காலை 7 மணிக்கு, கடை திறக்கும் முன்னால். வேலை நேரத்தில் வைத்தால் முதலாளிக்கு நஷ்டமாச்சே! கோட்டுப் போட்ட பேச்சாளர் முழங்கினார்: "அம்பானிக்கும் 24 மணி நேரம், உனக்கும் 24 மணி நேரம். மைண்ட்செட்டை மாத்து!" முன்வரிசையில் முதலாளி. கைதட்டாமல் இருக்க முடியுமா?

எனக்கு அங்கே என்ன வேலை? பரிசாகக் கொடுத்த டைரி நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அடித்தது. டைரிக் கட்டுகளை இறக்கிவிட்டு ஓரமாக நின்றேன். டைரி முழுக்கக் கட்டம்: 4.30க்கு எழு, தியானம், உடற்பயிற்சி, வாசிப்பு. ஒரு பெண் பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டது: "அண்ணே, தூங்குறதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

மூன்று தடவை புரூஃப் பார்த்தவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை!

அந்தப் பெண்ணின் 24 மணி நேரத்தைக் கேளுங்கள். காலை 9 மணிக்குக் கடையில் நிற்க வேண்டும். இரவு 10 மணிக்கு ஷட்டர் இறங்கும். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலையை மடித்துவிட்டுத்தான் படி இறங்கலாம். 1947ஆம் வருஷத்துக் கடைகள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்கிறது. உட்கார இருக்கை கொடு என்று 2021இல் அதே சட்டத்தில் திருத்தம் வந்தது. ஸ்டூலும் வந்தது. அதன்மேல் சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது!

நேரத்தைப் பறித்துக்கொண்டவரே நேரத்தைச் சேமிக்கச் சொல்லித்தருகிறார், தோழர்களே!

2023இல் தொழிலதிபர் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025இல் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார். என்ன, ஏலமா? வாரத்துக்கே 168தான் ஐயா! வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். எங்கள் வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, "அவர் ஆபீசிலேயே இருக்கட்டும், அந்தம்மா நிம்மதியா இருக்கும்" என்றாள்.

"கடைப் பிள்ளைகள் செல்போனிலேயே கிடக்கிறார்களே" என்று ஒரு கூட்டம் கிளம்பும். பதிமூன்று மணி நேரம் நின்ற காலைச் சுவரில் தூக்கி வைத்து அரை மணி ரீல்ஸ் பார்த்தால் நாடு கெட்டுப்போகுமா? போய்யா!

நான் வளர்ந்தது தியானத்தாலா? பத்தாவது பெயில். ஈய எழுத்துக் கோக்கிற வேலை. ஆறு மணிக்கு விடுவார்கள். விரல் மையோடு நூலகத்துக்கு ஓடுவேன். எட்டு மணிக்கு நூலகர் சாவிக்கொத்தை ஆட்டுவார். அந்த இரண்டு மணி நேரத்தில் படித்ததுதான் இன்று மைக் முன்னால் நிற்கிறது. 1886இல் சிகாகோவில் தொழிலாளர்கள் கேட்டது இதைத்தானே? 1923இல் சென்னையில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியதும் இதற்குத்தானே? வேலைக்கு எட்டு, தூக்கத்துக்கு எட்டு, மிச்சம் எட்டு எனக்கு!

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. நம்ம ஊர் நூலகம்? ஆறரைக்கே பூட்டு. நூலக வரி மட்டும் சொத்து வரியோடு தவறாமல் வாங்குகிறார்கள். இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள் என்கிறேன்.

"பத்து மணிக்கு வருகிற பெண்ணுக்கு நூலகம் ஒன்பது வரை திறந்து என்ன லாபம்?" என்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் மேசையில் இரண்டு மனு. ஒன்று தொழிலாளர் துறைக்கு, அந்தப் பெண்ணை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பு என்று. இன்னொன்று மாவட்ட நூலக அலுவலருக்கு, கதவைத் திற என்று.

பத்தேகாலுக்கு அந்தப் பெண் இந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும். யாரும் மனுவை நீட்டிவிடாதீர்கள், நாளைக்கே வேலை போய்விடும். நீங்கள் போடுங்கள் கையெழுத்தை. பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்க, டைரியோடு கொடுத்த பேனா நாலு மிச்சம் இருக்கிறது.